பெரிய மாநிலத்துச் சனிக்கிழமை

தம்பி, இதை எழுதுவது நான்தான். யாரும் எனக்காக எழுதித் தரவில்லை. முதல் பக்கத்துக்கே நேற்று முழுவதும் ஆகிவிட்டது. நடுவில் சோறு வடித்தேன், துணி காயப்போட்டேன், கோழிகளைக் கூண்டில் அடைத்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். எழுத்து இன்னும் கோணலாகத்தான் வருகிறது. ஆனாலும் நான் நினைத்தது அப்படியே தாளில் நிற்கிறது, பார்த்தாயா? காலையில் எழுந்து போய்ப் பார்த்தேன். இரவு எழுதியது போகாமல் அங்கேயே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வந்து வாய்க்கும் என்று யார் நினைத்தார்கள்?

திகாம் பத்து கோயில் மண்டபத்தில் நடக்கும் எழுத்து வகுப்பைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். கமலா, கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவள், லீவு நாளில் தூங்காமல் வந்து எங்கள் ஆறு கிழங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இப்போது நான் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். அரிசி மூட்டை, மருந்து உறை, கல்யாணப் பத்திரிகை, எதையும் விடுவதில்லை. கோயில் வாசலில் தகரப் பலகை ஒன்று இருக்கிறதே, முப்பது வருஷமாக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன், ஏதோ சாமி பெயர் என்று. போன மாதம் படித்துப் பார்த்தால், 'செருப்புகளை இங்கே விடவும்' என்று இருக்கிறது. கமலாவிடம் சொன்னேன். "பரவால்ல அங்கிள், இத்தன வருஷம் கும்பிட்டதுக்கு அந்தச் செருப்பாவது உங்களக் காப்பாத்தும்" என்றாள். வகுப்பு முடிவதால் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறாள், வகுப்பு மலரில் அச்சடித்துப் போடுவார்களாம். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் புத்தகத்தில் ஆறு வருஷம் பெருவிரலை உருட்டியவன் நான். நீ அதை மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் கையால் மூடிக்கொண்டு கொடுப்பாய் என்று உன் அம்மா சொன்னாள். அதனால் என் முதல் கடிதம் உனக்குத்தான். அச்சில் வருவதற்கு முன்பே கமலா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் என்ன செய்கிறேன் என்று நீ போனில் கேட்பாய். டிவி பார்த்தேன் என்பேன். எப்படிப் பார்க்கிறேன் என்று சொன்னதில்லை. உனக்கு அங்கே டெக்சாஸில் சனிக்கிழமை பொழுது சாயும்போது எனக்கு இங்கே ஞாயிறு விடிந்து எட்டு மணி. ஏழுக்கே குளித்து, சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நீ மாட்டிக் கொடுத்த பெட்டியில் எந்தப் பித்தானை அமுக்கினால் நீ வேலை பார்க்கும் சேனல் வரும் என்பது எழுத்துத் தெரியாத காலத்திலேயே எனக்குத் தெரியும். கோவிந்தன் வருவான். பழைய ரப்பர் தோட்டத்தில் எங்கள் கோல்கீப்பர், இப்போது பின் வரிசையில் மகள் வீட்டில் இருக்கிறான். வந்ததும் ஆரம்பிப்பான்.

"அலாமாக், இது என்னலா பந்து? கையில தூக்கிட்டு ஓடுறான், கட்டிப் புடிச்சி உருளுறான். இதுக்குப் பேரு புட்பாலா? காலு எதுக்குடா இருக்கு?"

"உனக்குத் தெரிஞ்ச ஆட்டம் இல்ல, சும்மா இரு. என் மவன் வேலை செய்யுற ஆட்டம்."

"எங்க உன் மவன்? இத்தன வருஷமாக் காட்டுறேன் காட்டுறேன்னு சொல்ற."

ஒருமுறை கேமரா மைதான ஓரத்தில் சட்டென்று திரும்பியது. கம்பிச் சுருள்கள், இரண்டு பெட்டிகள், நீலத் தொப்பி போட்ட ஓர் ஆளின் முதுகு. நான் எழுந்து நின்றுவிட்டேன். "பாத்தியா, அந்தத் தோளு! அவுங்க அம்மா தோளு!" என்றேன். "எல்லார் முதுவும் ஒரே முதுவுதான்டா" என்றான் கோவிந்தன். அடுத்த நாள் நீ பேசியபோது விஷயத்தைச் சொல்லாமல் சும்மா கேட்டேன், நீ மைதானத்தில் எங்கே நிற்பாய் என்று. "நான் வெளியவே வர மாட்டேன் ப்பா. லாரி மாதிரி ஒரு வண்டி இருக்கும், அதுக்குள்ள உக்காந்து எந்த கேமராப் படம் போவணும்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றாய். சரி என்றேன். அதற்குப் பிறகும் அந்த நீலத் தொப்பியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கோவிந்தன் பத்து மணிக்கு மகள் கூப்பிட்டதும் போய்விடுவான். நான் கடைசிவரை இருப்பேன். ஆட்டம் முடிந்து பெயர்கள் கீழிருந்து மேலே ஓடும். அவை இங்கிலீஷ் எழுத்து, எனக்கு வராது. ஆனால் அதில் ஒன்று நீ என்று தெரியும். அதனால் ஓடி முடியும்வரை டிவியை அடைப்பதில்லை. அடைத்தபின் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கும், தம்பி. இரண்டே அறை. இருந்தாலும் பெரிதாக இருக்கும்.

போன பிப்ரவரியில் வந்தாயே, அங்கே ஆட்டம் இல்லாத காலம் என்று. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். இந்தச் சேனல் எப்படித்தான் நடக்கிறது என்று கேட்டேன். எதிர் வரிசை வீடுகளைக் கை காட்டிச் சொன்னாய்.

"ப்பா, கொஞ்சம் காலேஜுங்க கூட்டாச் சேர்ந்து நடத்துற சேனல் இது. அவங்களுக்குள்ளதான் ஆடுவாங்க. எந்த மாநிலத்துல அவங்க காலேஜ் ஒண்ணு இருக்கோ, அந்த மாநிலத்து வீட்டுல எல்லாம் சேனல் நல்ல விலைக்குப் போவும். இல்லாத மாநிலத்துல சும்மா பேருக்குத்தான். இப்ப இந்த வரிசையில ஒரு வீட்டுப் பையன் டீம்ல இருக்கான்னு வைங்க, வரிசை மொத்தமும் காசு கட்டும்."

"அப்ப நீளமான வரிசையாப் பாத்து ஒருத்தனைச் சேத்துக்கிட்டாப் போதும்."

"அதேதான் செஞ்சாங்க! இப்ப நான் இருக்குறது ரொம்பப் பெரிய மாநிலம். அங்கேருந்து ஒரு காலேஜை உள்ள எடுத்தாங்க. ஆட்டம் சுமாருதான். ஆனா வீடு இருக்கே, அப்பாடி!"

"அப்ப பந்துக்காக எடுக்கல. வீட்டுக்காக எடுத்தான்."

நீ நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். "நீங்க பேசாம எங்க ஆபீஸ்ல வந்து உக்காந்துடலாம் ப்பா." அந்தச் சிரிப்பை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. மலைப்பக்கத்துச் சின்ன மாநிலம் ஒன்றிலிருந்து மஞ்சள் சட்டைக்காரர்கள் வருவார்கள். நான் அவர்கள் பக்கம். நன்றாக ஆடுவார்கள். ஆனால் அவர்களை உன் சேனலில் நல்ல நேரத்தில் பார்ப்பது அபூர்வம். மத்தியான வெயிலில் தள்ளிவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம், ஊரே உட்கார்ந்து பார்க்கிற நேரம், பெரிய மாநிலத்துக்கு. ஒருமுறை மஞ்சள் சட்டை அங்கே போய் ஜெயித்தது. ஜெயித்தவன் குதிக்கிறதைக் கொஞ்சம் காட்டிவிட்டு, தோற்ற பக்கத்துக் கூட்டத்தில் ஒரு பெண் அழுவதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். உன்னிடம் கேட்டேன். "அழுவுறது நம்ம வீடு ப்பா. அவங்களைக் காட்டினாத்தான் அந்த வீட்டுக்காரன் டிவி முன்னாடி உக்காந்திருப்பான்" என்றாய். அது உன் தப்பு இல்லை. அந்த மாநிலத்தில் அத்தனை வீடுகள் இருப்பதால்தான் சேனல் அங்கே ஓர் அலுவலகம் திறந்தது. திறந்ததால்தான் உனக்கு அங்கே வேலை. உன் சோறு அந்த வீடுகள் போட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அவர்களுடைய ஆட்டக் காலத்துக்குள்தான் நம் தீபாவளி ஒவ்வொரு வருஷமும் வந்து விழுகிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் திகாம் பத்துவில் ஒரு வீடு எந்தக் கணக்கில் வரும்?

இப்போது நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதப் போகிறேன். இதற்காகத்தான் கடிதமே. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு இரண்டு நாள் எடுக்கவில்லை.

செமிலிங் பக்கம் நாம் இருந்த தோட்டத்தில் நம் டிவிஷனுக்கு மூன்றே லயம், மூன்று வரிசை வீடுகள். ஆறு மைல் தள்ளிப் பெரிய தோட்டம். அங்கே லயங்கள் எத்தனை என்று நான் எண்ணியதில்லை. ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரியாது. அந்த வருஷம் தோட்டங்களுக்குள் பந்துப் போட்டியில் நாம் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டோம். நான் கேப்டன். கடைசி ஆட்டம் தீபாவளிக்கு முதல் நாள், நம் திடலில், மத்தியானம் மூன்று மணிக்கு என்று பேச்சு. அப்படி ஆடினால் ஐந்துக்குள் முடியும், குளித்துவிட்டு ஆறரைக்கு உன் தாத்தாவுக்குப் படையல் போடலாம். இரண்டு நாள் முன்பு கமிட்டிக்காரர் வந்தார். "கேப்டன், ஒங்க மூணு லயத்துல ஆடி யாரு பாக்குறது? பெரிய தோட்டத்துல வைப்போம். அங்க ஆளுங்க சம்பளம் வாங்கி, பாசார் போய்ட்டு, அஞ்சரைக்குத்தான் திரும்புவாங்க. அப்ப ஆரம்பிச்சாத்தான் கூட்டம். கடைக்காரங்களும் அங்கதான் கடை போடுறேங்கிறாங்க" என்றார். கோவிந்தன் என் காதருகே, "வேணாம்னு சொல்லுடா, படையல் நாளு" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது, நம் திடல் என்று எழுதிவைத்திருந்தார்கள். நான் சரி என்றேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தம்பி. அத்தனை பேர் முன்னால் ஆட வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. மூன்று லயம் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று நானும்தான் நினைத்தேன்.

ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது, பாசார் போன லாரி வரட்டும் என்று காத்திருந்தார்கள். சமமாக முடிந்து, கூடுதல் நேரம் ஆடி, இருட்டுகிற சமயத்தில் நான்தான் கோல் அடித்தேன். தோளில் தூக்கினார்கள். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தர் தேநீர் வாங்கித் தந்தார், இன்னொருத்தர் வேறு ஒன்று வாங்கித் தந்தார். நான் வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். செத்தவர்களுக்கு வைத்துக் கும்பிடாமல் உயிரோடு இருப்பவர்கள் வாய் நனைக்கக் கூடாது. சூடத்தை அந்த வீட்டு மகன்தான் ஏற்ற வேண்டும். என் அப்பாவுக்கு மகன் நான் ஒருத்தன். இலை போட்டிருந்தது. ஆட்டுக்கறி, இட்லி, முறுக்கு, தாத்தாவுக்கு ஒரு சுருட்டு, எல்லாம் வைத்து, மேலே ஈ மொய்க்காமல் பழைய செய்தித்தாளால் மூடியிருந்தது. கறியில் கொழுப்பு உறைந்திருந்தது. உன் அம்மா காலையிலிருந்தே விரதம் இருந்தவள், அப்படியே இருந்தாள். நீ ஐந்து வயதுப் பிள்ளை. புதுச் சட்டையோடு இலைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் தூங்கிப்போயிருந்தாய். ஒரு முறுக்கை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவள் கொடுக்கவில்லை. என் அப்பாவுக்கு மரியாதைக் குறைவு ஆகிவிடும் என்று, என்னைவிட அவள்தான் அதைக் காத்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள், "பரவாயில்ல, கை கால் கழுவிட்டு வந்து சூடம் ஏத்துங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வாழ்ந்தோமே, ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் அந்தச் சொல்லை அப்படியே நம்பிக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

சூடம் ஏற்றி உன்னை எழுப்பினோம். பசிக்குது என்று அழுவாய் என்று நினைத்தேன். நீ கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "கோல் அடிச்சீங்களா ப்பா?" என்றாய். எனக்கு என்ன பெருமை! உன்னை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன இட்லியைப் பிட்டு உன் வாயில் வைத்துக்கொண்டே, ஆட்டம் முழுவதையும் சொன்னேன். அந்தக் கூட்டம், அந்த ஒலிபெருக்கி, அந்தச் சத்தம். நீ வாயைப் பிளந்து கேட்டாய். உன் அம்மா நமக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறிய சோற்றைத் தனியாகச் சாப்பிட்டாள். ஜெயித்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் அவள் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை. நீ டிவி வேலைக்குப் போனதற்கு விதை அன்றைக்கு விழுந்தது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கூட விழுந்தது என்ன என்று இப்போதுதான் பார்க்கிறேன். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள் என்பதையும் உனக்கு அந்த இட்லியோடு ஊட்டியிருக்கிறேன்.

போன வாரம் நீ பேசினாய். எனக்கு அப்போது சாயங்காலம், அடுப்பில் கஞ்சி.

"ப்பா, இந்த சீசன் சனிக்கிழமை பெரிய ஆட்டம் எல்லாம் என் கையில குடுத்துட்டாங்க. நான்தான் டைரக்டர்."

"அப்படிப் போடு! ஒங்கம்மா இருந்திருக்கணும்லா."

"அதான் ப்பா. தீபாவளி இந்த வருஷம் ஞாயித்துக்கெழம வருது. மொத நாளு எனக்கு ஆட்டம். நீங்க வாடான்னு ஒரு வார்த்த சொன்னா நான் பேசிப் பாக்குறேன். ஒரு வாரத்துக்கு வேற ஆள் போடுவாங்க. ஆனா இந்த மாசத்துக்குள்ள சொல்லிடணும். என்ன சொல்றீங்க?"

"பரவாயில்ல தம்பி. வேலையப் பாரு."

"நெசமாவா ப்பா?"

"நெசமாத்தான். இங்க எனக்கு என்ன கொறச்சல்?"

போனை வைத்த பிறகுதான் கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்திருந்தது தெரிந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போது என் காதில் கேட்டது என் குரல் இல்லை. அதே சொல். அதே மாதிரி மெதுவாக. அன்றைக்கு வாசலில் நின்ற எனக்கு அவள் சொன்னதை, அவளிடமிருந்து வாங்கி உனக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஏனென்றால் இப்போது அது என் வாயிலிருந்து வருகிறது.

அவள் போனதிலிருந்து மூன்று தீபாவளிக்கு அவள் படையலை நானே போட்டேன். அவளுக்குப் பிடித்த சார்டின் சம்பல், கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி, ரொட்டிக்காரர் கொண்டு வரும் தேங்காய் பன். நானே சூடம் ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாததால் நானே தட்டைத் தொட்டு நானே விபூதி எடுத்துக்கொள்வேன். புருஷன் கும்பிடலாம், தப்பில்லை என்று ஐயர் சொன்னார். ஆனால் அந்தச் சூடம் அவள் மகன் ஏற்ற வேண்டியது. ஒவ்வொரு முறையும் உனக்குப் படம் அனுப்பினேன், சாமி படம் நேராக இருக்கிறதா, பூ நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. நீ கை கூப்பிய பொம்மை ஒன்று திருப்பி அனுப்பினாய். பரவாயில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். போனில் அது சுலபம் தம்பி, வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. எழுதுவது வேறாக இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டியிருப்பதால், பொய் பாதியிலேயே என்னைப் பார்த்து நின்றுவிடுகிறது.

நீ வயதில் பெரியவனாகிவிட்டாய், உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி வருவாள். அவள் பரவாயில்லை என்றால் உடனே நம்பிவிடாதே. அவள் முகத்தைப் பார். பின்னால் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறாளா என்று திரும்பிப் பார். உன் வண்டிக்குள் எத்தனை கேமராவின் படம் வந்தாலும், எதைக் காட்ட வேண்டும் என்று பெரிய மாநிலம் சொல்லும். வீட்டில் அப்படி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நீயாகத்தான் திரும்ப வேண்டும்.

ஆகையால், போனில் சொன்னதை இந்தத் தாளில் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்டாயே, அந்த ஒரு வார்த்தை, இதோ: வாடா. உன் அம்மாவுக்குச் சூடம் ஏற்ற வா. அவர்களிடம் பேசிப் பார். அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அந்த நாற்காலி உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், ஒரு வாரம் நீ எழுந்தால் வேறொருத்தன் அதில் நன்றாக உட்கார்ந்துவிடுவானோ என்ற பயமும் இருக்கும். அதெல்லாம் நீ எடுக்க வேண்டிய முடிவு. நீ வராவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் இருக்காது. ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, உன் சேனலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பெயர்கள் ஓடி முடியும்வரை இருப்பேன்.

சனிக்கிழமை ஆறரைக்கு இலை போடுவேன். ஏழுவரை வாசலைப் பார்ப்பேன். ஏழுக்குமேல் யாரையும் பசியோடு வைத்திருக்க மாட்டேன். கோவிந்தனைக் கூப்பிட்டு, அவள் பெயரைச் சொல்லி நானே சூடம் ஏற்றி, இருவரும் சூடாகச் சாப்பிடுவோம். பிறகு நீ கூப்பிடுவாய், மன்னிச்சுக்கோங்க ப்பா என்பாய். அப்போது நான் உன்னிடம் கோப்பி பன் எல்லாம் வைத்ததைச் சொல்வேன், மழை பெய்ததைச் சொல்வேன், மஞ்சள் சட்டைக்கு எப்போது ஆட்டம் என்று கேட்பேன். பரவாயில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அப்பா